நிறமெல்லாம் இங்கிலீஷில் சொல்கிறான், தண்ணீருக்குக் கையைப் பிடித்து இழுக்கிறான்

காவேரிப்பட்டினம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. இவர் மாங்காய் சீசனில் மாங்கூழ் கம்பெனிக்குப் போகிறார். மகளுக்கு எட்டு வயது, அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மகனுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது, அங்கன்வாடிக்குப் போகிறான். பகலில் இருவரையும் மாமியார் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். இந்த சீசனில் பழைய செல்போன் ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். 'கல்வி சேனல் மட்டும்தான்' என்று கண்டிப்பாகச் சொல்லித்தான். மகனுக்குக் குழந்தைகளுக்கான யூடியூப் கிட்ஸ் ஆப். மகளுக்கு அம்மாவின் கணக்கிலேயே சாதாரண யூடியூப்.

மகன் இப்போது நிறம், பழம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்கிறான், இருபது வரை எண்ணுகிறான். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் பாட்டியின் கையைப் பிடித்துப் பானை வரை இழுத்துப் போகிறான். 'அவ்வா ரா' (பாட்டி, வா) என்று இரண்டு சொல்லைச் சேர்ப்பதே அபூர்வம். தெலுங்கை நிறுத்துங்கள், இரண்டு மொழி என்பதால்தான் பேச்சு வரவில்லை என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மகள் 'அறிவியல் அதிசயம்' மாதிரியான ஒரு சேனலுக்கு ரசிகை. அதில் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் தீக்குச்சிகளைக் குவித்து 'எரிமலை' கொளுத்தியிருக்கிறாள். நல்லவேளை, பாட்டி பார்த்துவிட்டார். அந்த சேனல் கொடுத்த 'இலவசத் தேர்வு' இணைப்பில் தன் பெயர், வகுப்பு, அம்மாவின் எண் எல்லாம் போட்டிருக்கிறாள். அன்றிலிருந்து போன்: மூளைத்திறன் வகுப்பு, 24,000 ரூபாய், தவணையிலும் கட்டலாம்.

கணவர் "படிப்பைத்தானே பார்க்குதுங்க, விடு" என்கிறார். தனியார் பள்ளி ஆசிரியையான நாத்தனார் "போனைத் தூக்கிக் கிணற்றில் போடு" என்கிறார். வாசகி கேட்பது மூன்று: எந்தெந்த சேனல் நல்லது, பட்டியல் தருவீர்களா? மகனின் பேச்சை நான்தான் கெடுத்துவிட்டேனா? அந்த வகுப்பில் சேர்க்காவிட்டால் மகள் பின்தங்கிவிடுவாளா?

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பணம் இருக்கிறது. சேர்க்க வேண்டாம். முன்பணம் என்று ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பட்டியல் தரப்போவதில்லை. தெரியாமல் இல்லை. தருமபுரியில் என்னிடம் வரும் பெற்றோரும் இதைத்தான் கேட்கிறார்கள், அவர்களுக்கும் இதே பதில்தான். இன்று ஒழுங்காக இருக்கும் சேனல் நாளைக்குப் பார்வை குறைந்தால் பொம்மை முட்டை உடைக்கிற வீடியோ போட ஆரம்பித்துவிடும். சேனல் கைமாறுவதும் உண்டு. அது போக, பிள்ளை ஒரு சேனலில் நிலையாக இருப்பதே இல்லை. ஒன்று முடிந்ததும் தானாக ஓடுகிற அடுத்த வீடியோ யாருடையது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சேனலின் பெயரைச் சொல்வதைவிட, ஒரு வீடியோவை எடை போடுவது எப்படி என்று சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

டிக், லட்சம், 'கிட்ஸ்': எதற்கு என்ன பொருள்

மகள் பார்க்கும் சேனலுக்குப் 'பன்னிரண்டு லட்சம் பேர் இருக்கிறார்கள், டிக் மார்க்கும் இருக்கிறது, அதனால் நம்பினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த டிக் ஒரு லட்சம் சப்ஸ்கிரைபர் சேர்ந்த பிறகு விண்ணப்பித்து வாங்குவது. 'இந்தப் பெயரில் இருப்பது இவர்களேதான்' என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. பாடம் சரியா தப்பா என்று யாரும் பார்த்துக் கொடுப்பதில்லை. பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளி, தங்கக் கேடயங்களும் முறையே ஒரு லட்சம், பத்து லட்சம் என்ற எண்ணிக்கைக்குக் கிடைப்பவைதான்.

அடுத்தது, 'குழந்தைகளுக்காகத் தயாரித்தது' என்ற குறிப்பு. பெற்றோர் பலரும் இதைத் தரச்சான்று என்றே நினைக்கிறார்கள். இது வந்த கதை வேறு. குழந்தைகளின் தகவலைப் பெற்றோர் அனுமதியில்லாமல் திரட்டியதாக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019-ல் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதன் பிறகுதான், தன் வீடியோ குழந்தைகளுக்கானதா இல்லையா என்று ஒவ்வொரு சேனல்காரரும் தாமே அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அப்படி அறிவித்த வீடியோவுக்குக் கீழே கமெண்ட் இருக்காது, பார்ப்பவரைப் பின்தொடர்ந்து பொருத்தமான விளம்பரம் காட்டுவதும் இருக்காது. அவ்வளவுதான். வீடியோ நல்லதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் இதில் உங்களுக்கு ஒரு சூட்சுமம் கிடைக்கிறது. மகள் கமெண்டுகளை உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 'குட்டீஸ், வணக்கம்' என்று பேசுகிற சேனலுக்குக் கீழே கமெண்ட் திறந்திருக்கிறது என்றால், அதன் உரிமையாளர் அதைக் குழந்தைகளுக்கானது என்று அறிவிக்கவில்லை என்றே பெரும்பாலும் பொருள். விளம்பர வருமானம் குறையும் என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மகன் பார்க்கும் கிட்ஸ் ஆப் சாதாரண யூடியூபைவிட நிச்சயம் மேல். கமெண்ட் கிடையாது, நேரம் முடிந்தால் தானே நின்றுவிடுகிற வசதி உண்டு. ஆனாலும் அதில் வருவதைப் பெரும்பாலும் கணினிதான் சலிக்கிறது. 2017-ல், பிள்ளைகளுக்குப் பழக்கமான கார்ட்டூன் பாத்திரங்களை வைத்து எடுத்த அருவருப்பான, பயமுறுத்துகிற வீடியோக்கள் அந்த ஆப்புக்குள்ளேயே வந்து பெரிய சர்ச்சை ஆனது. தியேட்டர் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் உண்டு. ஓ.டி.டி. படத்துக்கு, 2021-ல் வந்த விதிகளின்படி வயதுக்குறி உண்டு. தனியார் ஏற்றும் சேனல் வீடியோவுக்கு அப்படி முன்கூட்டிப் பார்த்து அனுமதிக்கிறவர் யாரும் இல்லை. அந்த வேலை வீட்டில் இருப்பவர் தலையில்தான் விழுகிறது.

நீங்கள் அனுப்பிய இரண்டு வீடியோக்கள்

இரண்டையும் முழுதாகப் பார்த்தேன். மகனுடையது பழங்கள் பற்றியது. ஆப்பிள், ஸ்ட்ராபெரி, கிவி, புளூபெரி என்று போகிறது. இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை படம் மாறுகிறது. ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு மணி, ஒரு கைதட்டல், ஒரு குதியாட்டம். 'இது என்ன?' என்று கேட்கிற குரல் பிள்ளை வாயைத் திறப்பதற்குள் தானே பதிலைச் சொல்லிவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடுகிறது. மாம்பழம் என்று ஒன்று வருகிறது, ஆப்பிள் காம்பும் இலையும் ஒட்டிக்கொண்டு. ஏ.ஐ. வரைந்ததாகத்தான் இருக்க வேண்டும். செந்தூராவும் பெங்களூராவும் லாரி லாரியாகப் போகிற ஊரில் வளர்கிற பிள்ளை, மாம்பழத்தை அந்தக் கோலத்திலா பார்க்க வேண்டும்! பாதிக்கு மேல் பழத்தையே காணோம், பொம்மைக் கார்கள் சாயத்தில் குதிக்கின்றன. தலைப்பில் மட்டும் கடைசி வரை 'கற்றல்' இருக்கிறது.

இந்த வேகம்தான் என் முதல் கவலை. 2011-ல் அமெரிக்காவில் நான்கு வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. சில பிள்ளைகள் ஒன்பது நிமிடம் வேகமான கார்ட்டூன் பார்த்தார்கள், சிலர் நிதானமான கல்வி நிகழ்ச்சி பார்த்தார்கள், சிலர் படம் வரைந்தார்கள். உடனே வைத்த சிறு தேர்வுகளில், பொறுமையாக இருப்பது, சொன்னதை நினைவில் வைத்துச் செய்வது போன்றவற்றில் வேகமான கார்ட்டூன் பார்த்தவர்கள் பின்தங்கினார்கள். இது அந்த நேரத்து விளைவு. நிரந்தரமாக மூளை கெட்டுவிடும் என்று அந்தச் சோதனை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் போனைப் பிடுங்கியதும் மகன் தரையில் புரண்டு அழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை இதோடு வைத்துப் பாருங்கள்.

மகளுடைய வீடியோ வேறு ரகம். பேசுகிற இளைஞர் சுவாரசியமாகத்தான் பேசுகிறார். ஒளிச்சேர்க்கை பற்றிச் சொன்னது சரி. அப்புறம், மனிதன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்று ஒரே போடாகப் போடுகிறார். இது நெடுங்காலமாகச் சுற்றிவரும் கட்டுக்கதை. மூளையின் எல்லாப் பகுதிக்கும் வேலை இருக்கிறது என்பது ஸ்கேன்களிலேயே தெரிகிறது. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. தொண்ணூறு சதவீதம் சும்மா கிடக்கிற உறுப்புக்கு இவ்வளவு தீனி எதற்கு? அதே வீடியோவின் கடைசியில் இலவசத் தேர்வுக்கு அழைப்பு வருகிறது. அதன் வழியாக உங்களுக்கு வந்த அழைப்பு, 'மீதி தொண்ணூறு சதவீதத்தைத் திறக்கிற' வகுப்புக்கு. முதலில் பொய், அப்புறம் அந்தப் பொய்க்கு வைத்தியம்.

தீக்குச்சி விஷயத்தில் மகளை அடித்தீர்களா என்று எழுதவில்லை. அடித்திருந்தால், அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சமாதானமாகப் பேசிவிடுங்கள். பார்த்ததைச் செய்து பார்க்க நினைக்கிற பிள்ளை நல்ல பிள்ளை. 'பெரியவர் துணையோடு செய்யவும்' என்று ஓரத்தில் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் போட்டவர்கள்தான் குற்றவாளி. ஆப்ப சோடாவில் எலுமிச்சைச் சாறு ஊற்றினாலும் எரிமலை பொங்கும், நெருப்பே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்களே அவளோடு செய்யுங்கள்.

இனி நீங்கள் ஒரு வீடியோவைப் பார்க்கும்போது, முதல் நிமிடம் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாட்டு இல்லாமல் பார்த்தால் படம் எவ்வளவு அவசரமாக ஓடுகிறது என்று பளிச்சென்று தெரியும். பிறகு நடுவில் ஓர் இடம், கடைசியில் ஓர் இடம் பாருங்கள், முன்பகுதியில் எல்லோரும் ஒழுங்காகத்தான் இருப்பார்கள். கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளை பதில் சொல்ல நேரம் விடுகிறார்களா? உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி, மாடோ மாமரமோ, அவர்கள் சொன்னது சரியா? எதையாவது விற்கிறார்களா? 'உன் வீடியோவை அனுப்பு, உன் பள்ளி பெயரை எழுது' என்று பிள்ளையிடம் எதையாவது கேட்கிறார்களா? கடைசியாகச் சொன்னது இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை, அந்த சேனலை நிறுத்திவிடுங்கள். இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமான அடையாளம், வீடியோ முடிந்த பிறகு பிள்ளை என்ன செய்கிறது என்பது. பார்த்ததைப் பற்றிக் கேள்வி கேட்டால், விளையாட்டில் கொண்டுவந்தால், வரைந்தால் ஏதோ உள்ளே போயிருக்கிறது. 'இன்னொன்னு, இன்னொன்னு' என்று மட்டும் கேட்டால் அது வேறு கணக்கு.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மூன்று வயதுக்கு மேல், நிதானமாக எடுத்த நல்ல நிகழ்ச்சியைப் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து பார்க்கிற பிள்ளை கற்றுக்கொள்ளத்தான் செய்கிறது. அதனால் நாத்தனார் சொல்கிற கிணறு வேண்டாம்.

மகனின் பேச்சு

நீங்கள் கெடுக்கவில்லை. ஆனால் காத்திருக்கவும் கூடாது.

நான்கு வயது முடிந்த பிள்ளை, நான்கு சொல்லாவது சேர்த்து வாக்கியமாகப் பேச வேண்டும். நிறமும் எண்ணும் ஒப்பிப்பது பேச்சு ஆகாது. தனக்கு வேண்டியதை இன்னொருவரிடம் சொல்லிக் கேட்பதுதான் பேச்சு. அதில் உங்கள் மகன் பின்தங்கியிருக்கிறான். இதற்குக் காது கேட்பதில் குறை இருக்கலாம், பேச்சு வளர்ச்சி மட்டும் தாமதமாக இருக்கலாம், மற்றவரோடு பழகுவதில் சிக்கல் இருக்கலாம், ஆள் பேச்சுக் குறைந்து திரைப் பேச்சு கூடியதும் சேர்ந்திருக்கலாம். கடிதத்தைப் படித்துவிட்டு இன்னதென்று சொல்ல எவராலும் முடியாது. போன் மேல் பழியைப் போட்டுவிட்டு 'போனை நிறுத்திவிட்டோம், சரியாகிவிடும்' என்று ஆறு மாதம் ஓட்டிவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

தெலுங்கை நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசி, தமிழில் படித்து வருகிறார்கள். அவ்வாவுக்குச் சரளமாக வருவது தெலுங்கு. அதை நிறுத்தினால் பகல் முழுக்க அவனோடு பேச ஆளே இருக்காது.

ஆங்கிலப் பாட்டு கேட்டால் ஆங்கிலம் வந்துவிடும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா கூல் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் சிலருக்குச் சீன மொழி பேசும் ஒருவர் நேரில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டிப் பேசினார். சிலருக்கு அதையே டி.வி.யில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. டி.வி. பார்த்தவை ஒன்றும் கற்கவில்லை. உங்கள் மகன் கைக்குழந்தை இல்லைதான். ஆனாலும் பேச்சு தடுமாறுகிற பிள்ளைக்கு ஆள் வேண்டும்.

அந்த வகுப்பும் அந்த போன் அழைப்புகளும்

மூளையைத் 'திறக்கிற' வகுப்புக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. பணத்தை விடுங்கள், தவணையைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட வகுப்புகளில் தவணை என்று சொல்வது பல நேரம் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடனாக இருக்கும். பிள்ளை வகுப்புக்குப் போவது நின்றாலும் கடன் நிற்காது. ஆதார், பான், ஓ.டி.பி. எதையும் போனில் சொல்லாதீர்கள். அடுத்த முறை அழைத்தால், 'தகவல் கொடுத்தது எட்டு வயதுக் குழந்தை, பெற்றோர் சம்மதம் இல்லை, அதை அழித்துவிடுங்கள்' என்று சொல்லி வைத்துவிடுங்கள். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது, பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன என்றாலும், இந்த வார்த்தையைச் சொன்னாலே பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். விடாமல் அழைத்தால் விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909 இருக்கிறது. பணம் ஏற்கெனவே கட்டியிருந்து கடிதத்தில் சொல்லத் தயங்கியிருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டில் என்ன செய்யலாம்

மகளை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் பார்க்கும் சீரியல் துண்டுகளும் உங்களுக்கு வரும் விளம்பரங்களும்தான் அவளுக்கும் வருகின்றன. இருவருக்குமே கிட்ஸ் ஆப்பில் தனித்தனிப் பக்கம் வையுங்கள். அதில் பெற்றோர் தேர்ந்தெடுத்த வீடியோ மட்டும் வரும்படி ஓர் அமைப்பு உண்டு, மகனுக்கு அதைப் போடுங்கள். தேடுகிற வசதி அடைபட்டுவிடும். நீங்கள் பார்த்துத் தேர்ந்த ஏழெட்டு வீடியோ போதும். ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த வயதுக்கு நல்லதுதான். மகளுக்கு, தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது, யூடியூபிலும் பாடங்கள் இருக்கின்றன. அவளுடைய பாடப்புத்தகத்தில் உள்ள க்யூ.ஆர். குறியீடுகளை, அரசு பாடங்களுக்காக நடத்தும் தீக்‌ஷா ஆப்பில் காட்டினாலும் வீடியோ வரும். அந்த இளைஞர் அளவுக்குச் சுவாரசியம் இருக்காது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் சொல்கிற அளவு, இரண்டிலிருந்து ஐந்து வயதுக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள், ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணிக்குள். சீசன் நாளில் இது கஷ்டம் என்று தெரியும். எண்ணிக்கையில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் இரண்டு நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: சாப்பிடும்போதும் தூங்கப் போகும்போதும் திரை இல்லை. களி உருண்டையை வாயில் திணிக்கப் போன் வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சில நாள் குறைவாகச் சாப்பிடுவான், சாப்பிடட்டும்.

மாமியாருக்கு அந்தப் போனை இயக்கத் தெரியாது. ஆகவே கண்காணிக்கச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். வேறு வேலை கொடுங்கள். வீட்டில் புளி தட்டுவீர்கள் இல்லையா? புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூறு வைக்கச் சொல்லுங்கள், பல்லாங்குழி ஆடச் சொல்லுங்கள். மகன் 'செவன், எய்ட்' என்று ஒப்பிக்கிறானே, ஏழு கொட்டை எடுத்துக் கொடு என்றால் கொடுக்கிறானா என்று பாருங்கள். பானை வரை இழுத்துப் போனால், உடனே மொண்டு கொடுக்காமல், முகத்தைப் பார்த்து 'நீள்ளா?' (தண்ணீரா?) என்று ஒருமுறை கேட்டுக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். அழவிட வேண்டாம், காத்திருந்தால் போதும்.

இந்த வாரமே மகனை கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைப் பார்க்கும் மையத்தை டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி சொல்வார்கள். காது பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், டி.வி. சத்தத்துக்குத் திரும்புகிறானே என்று அதை விட்டுவிடாதீர்கள். அங்கன்வாடிக்குப் பள்ளி சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். கடைசியாக வந்தபோது மகனைப் பார்த்தார்களா, சீட்டு ஏதும் கொடுத்தார்களா என்று ஊழியரிடம் விசாரித்து, இருந்தால் அதையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். புது இடத்தில் பிள்ளை வாயே திறக்காது. அதனால் அவன் அவ்வாவோடு வீட்டில் விளையாடும்போது, அவனுக்குத் தெரியாமல் இரண்டு நிமிடம் அந்தப் பழைய போனிலேயே படம் பிடித்து வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் காட்டுங்கள்.